ஃபோர்டையே மூட்டை கட்ட வைத்த சென்னைக்காரர்: யார் இந்த டி.டி.கே.? அந்நிய முதலீட்டுக்கு அவர் போட்ட கண்டிஷன் என்ன?

திருவண்ணாமலைன்னா எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது தீபமும் கிரிவலமும்தான். காலில் செருப்பு இல்லாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிற ஊர். அதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் போனால் காட்சியே வேற. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில், தைவானைச் சேர்ந்த ஃபெங் டே குழுமத்தின் ஆலையில் நைக்கி பிராண்டு ஷூக்கள் தயாராகி வெளிநாடுகளுக்குப் போகின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள்.

தைவான் கம்பெனிக்கு செய்யாறு எப்படித் தெரிந்தது? சும்மா வந்துவிடவில்லை. நிலம், ரோடு, கரண்ட், வரிச் சலுகை என்று அரசு கூப்பிட்டதால் வந்தது. காலணி, தோல் பொருள் துறைக்கென்று 2022ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

எந்தத் துறைக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும், எதற்கு வேண்டாம், வருகிறவர்களுக்கு என்ன சலுகை, பதிலுக்கு அவர்கள் என்ன செய்ய வேண்டும்? இன்றைக்கு டிவியில் பட்ஜெட் விவாதம் நடந்தாலும், முதலீட்டாளர் மாநாடு நடந்தாலும் இதுதான் பேச்சு. இந்தக் கேள்விகளை 70 வருஷத்துக்கு முன்னாடியே டெல்லியில் உட்கார்ந்து ஃபைல் ஃபைலாக முடிவு செய்தவர் ஒருத்தர் இருந்தார். சென்னைவாசிகள் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆட்டோ ஏறுகிறார்கள். ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலை ஞாபகம் இருக்கா? அந்த டி.டி.கே.தான். முழுப்பெயர் திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி.

இவர் கதையில் அரசியல் இருக்கு, வியாபாரம் இருக்கு, பெரிய ஊழல் வழக்கு ஒன்றும் இருக்கு. வரிசையாகப் பார்க்கலாம்.

சோப்பும் சாக்லேட்டும் விற்றவர்

டி.டி.கே. பிறந்தது 1899 நவம்பர் 26. அப்பா சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. மகன் படித்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். நீதிபதி வீட்டுப் பிள்ளை வக்கீலாவார் என்றுதான் ஊர் எதிர்பார்த்திருக்கும். அவர் போனது வியாபாரத்துக்கு.

1928ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அண்டு கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு கம்பெனிகளின் பொருட்களை வரவழைத்து இங்கே கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் தொழில். சன்லைட், லக்ஸ், லைஃப்பாய் சோப்பு, கேட்பரி சாக்லேட், ஹார்லிக்ஸ், ஓவல்டின், பாண்ட்ஸ், வாட்டர்மேன் பேனா என்று அந்த நிறுவனம் கையாண்ட பிராண்டுகளின் பட்டியல் பெரிசு. இப்போ நாம டிஸ்ட்ரிபியூட்டர்னு சொல்கிறோமே, அந்த வேலையை ஒழுங்கான வலையமைப்பாகக் கட்டியவர்களில் அவர் முன்னோடி.

இந்த அனுபவத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு கம்பெனி எப்படி யோசிக்கும், லாபம் எங்கே நிற்கும், எந்தக் கட்டத்தில் இறங்கி வரும் என்பதெல்லாம் அவருக்கு ஃபைல் படித்துத் தெரிந்ததில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

சுயேச்சையாக அரசியலுக்கு வந்தார்

1937ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். அரசியலுக்கு வந்ததும் வியாபாரம் குடும்பத்தின் கைக்கு, முக்கியமாக மகன் நரசிம்மன் கைக்குப் போனது. டி.டி.கே. டெல்லிக்குப் போனார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் உறுப்பினர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் ஒரு உறுப்பினர் காலமானதும் அந்த இடத்துக்கும் இவர்தான் வந்தார். அந்தக் குழுவில் ஒருத்தர் விலகி, ஒருத்தர் இறந்து, மற்றவர்கள் வேறு வேலைகளில் மாட்டிக்கொள்ள, கடைசியில் சுமை முழுக்க அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே எடுத்துச் சொன்னவர் இவர்தான். அரசியல் சாசன நாள் வரும்போதெல்லாம் சோஷியல் மீடியாவில் சுற்றும் தகவல் அது.

1952 முதல் பொதுத்தேர்தலில் சென்னையிலிருந்து மக்களவைக்கு ஜெயித்தார். நேரு அவரை வர்த்தகம் மற்றும் தொழில் துறை அமைச்சராக்கினார். நம்ம கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

அப்போ நாட்டின் நிலைமை என்ன?

வெள்ளைக்காரன் கம்பெனியை விரட்டத்தான் சுதந்திரமே வாங்கினோம், மறுபடியும் வெளிநாட்டு முதலாளியைக் கூப்பிடலாமா? இந்தக் கேள்வி அன்றைக்கு எல்லோர் மனதிலும் இருந்தது.

1948 தொழில் கொள்கைத் தீர்மானம் ஒரு நடுவழியைச் சொன்னது. அந்நிய முதலீடு வரலாம், ஆனால் கம்பெனியின் பெரும்பங்கும் கட்டுப்பாடும் பொதுவாக இந்தியர் கையில் இருக்கணும். 1949 ஏப்ரலில் நேரு இன்னும் கொஞ்சம் தெளிவாக்கினார். வெளிநாட்டு கம்பெனிக்கும் உள்நாட்டு கம்பெனிக்கும் பாரபட்சம் இருக்காது, லாபத்தைத் தாய்நாட்டுக்கு எடுத்துப் போகலாம், அரசு எடுத்துக்கொண்டால் நியாயமான இழப்பீடு கிடைக்கும் என்று நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார்.

இதெல்லாம் பொதுவான வாக்குறுதி. குறிப்பிட்ட துறைக்கு ஸ்பெஷல் சலுகை என்று பார்த்தால், பெரிய உதாரணம் பெட்ரோல் சுத்திகரிப்பு. ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளுடன் 1951 முதல் 1953க்குள் ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் இரண்டும் மும்பையில், மூன்றாவது விசாகப்பட்டினத்தில் ஆலை கட்டின. அதற்குக் கொடுத்த விலை? 25 வருஷத்துக்கு அரசுடைமை ஆக்க மாட்டோம் என்ற உத்தரவாதம். சோசலிசம் பேசிய அதே அரசுதான் இதையும் கொடுத்தது. எண்ணெய் வேணும், சுத்திகரிக்கும் நுட்பம் நம்மிடம் இல்லை. அதனால் அந்தத் துறைக்கு மட்டும் இறங்கிப் போனார்கள்.

எல்லாத் துறைக்கும் அப்படி இறங்க முடியுமா? முடியாது. கார் துறையில் நேர் எதிரான வழியை எடுத்தது டி.டி.கே.வின் அமைச்சகம்.

கார் கம்பெனிகளுக்கு வந்த கெடு

1950களின் தொடக்கத்தில் இந்தியாவில் காருக்குப் பஞ்சமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே மும்பையில் ஆலை தொடங்கிவிட்டது. டி.டி.கே. தன் கடையைத் திறந்த அதே வருஷம்! ஃபோர்டு அதற்கும் முன்னாடியே வந்திருந்தது. ஆனால் இந்த ஆலைகளில் நடந்தது தயாரிப்பு கிடையாது. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பாகங்களைச் சேர்த்து முடுக்கும் வேலை மட்டும்தான். எஞ்சினிலிருந்து கியர் வரை எல்லாம் இறக்குமதி. ஒவ்வொரு காருக்கும் அந்நியச் செலாவணி வெளியே போய்க்கொண்டிருந்தது.

வரி ஆணையம் இந்தத் துறையை ஆராய்ந்து 1953ல் அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் ரொம்ப சிம்பிள். இந்தியாவிலேயே பாகங்களைப் படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனி மட்டும் இருக்கலாம். சேர்த்து முடுக்கும் வேலையோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இனி இடமில்லை. டி.டி.கே.யின் அமைச்சகம் இதை ஏற்றுக்கொண்டது.

இந்தியச் சந்தை சின்னது, இங்கே எஞ்சின் ஆலை கட்டினால் கட்டுப்படியாகாது என்பது அமெரிக்க கம்பெனிகளின் கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் கடையைக் கட்டியது. அதே சமயத்தில் ஃபோர்டும் கிளம்பியது. உலகத்தின் மிகப் பெரிய இரண்டு கார் கம்பெனிகள், புதுசாகச் சுதந்திரம் வாங்கிய ஏழை நாட்டை விட்டுப் போகின்றன. இன்றைக்கு நடந்தால் நம் சேனலிலேயே நாள் முழுக்க பிரேக்கிங் நியூஸ் ஓடும்.

அப்போ இருந்தவர்கள் யார்? இந்திய முதலாளியோடு கைகோர்த்து, இங்கேயே பாகம் செய்ய ஒப்புக்கொண்டவர்கள். டாடாவின் டெல்கோவோடு ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் 1954ல் லாரிக்காகச் சேர்ந்தது. பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோடு மாரிஸ், மும்பை பிரீமியரோடு ஃபியட், மஹிந்திராவோடு வில்லிஸ் ஜீப். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வர டிக்கெட் விலை மட்டும் மாறியது.

சென்னைக்கு என்ன கிடைச்சது?

இந்தக் கொள்கையின் பலனை நம்ம ஊரில் கண்ணால் பார்க்கலாம்.

எண்ணூரில் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆரம்பத்தில் பிரிட்டனின் ஆஸ்டின் கார்களைச் சேர்த்து முடுக்கிக்கொண்டிருந்தது. பிறகு லேலண்ட் லாரிக்கு மாறியது. ஆண்டுக்கு 1,000 காமெட் லாரிகளைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்க 1954ல் அரசு அனுமதி கொடுத்தது. லேலண்ட் பங்கு முதலீடு செய்தது. 1955ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. இன்றைக்கும் நம்ம ஊர் ரோட்டில் ஓடும் பஸ்ஸில் பாதி அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்தது புல்லட். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து திருவொற்றியூரில் ஆலை தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை வைத்து வண்டி கோர்த்தார்கள். வருஷா வருஷம் உள்ளூர்ப் பாகம் கூடியது. 1962க்குள் எல்லாப் பாகமும் இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தது. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்று உலகம் முழுக்க ராயல் என்ஃபீல்டு என்றால் அது சென்னை வண்டி.

இது எல்லாத்தையும் டி.டி.கே. ஒருத்தரே செய்தார் என்று சொன்னால் அது மிகை. முருகப்பா குடும்பம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து சைக்கிள் ஆலை தொடங்கியது அவர் அமைச்சராவதற்கு முன்னாடியே, 1949ல். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளுக்குப் பின்னால் மாநிலத்தில் காமராஜரும் ஆர்.வெங்கட்ராமனும் இருந்தார்கள். ஆனால் லைசென்ஸ் யாருக்கு, இறக்குமதி எவ்வளவு என்ற சாவி டெல்லியில் இருந்தது. 1952லிருந்து நாலு வருஷத்துக்கு மேல் அந்தச் சாவியை வைத்திருந்தவர் டி.டி.கே.

சொந்த வீட்டுக்கே விழுந்த அடி

வெளிநாட்டு சோப்பும் சாக்லேட்டும் விற்ற குடும்பம் ஞாபகம் இருக்கா? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வந்தபோது அந்த வியாபாரமும் தப்பவில்லை. விற்க வேண்டிய சரக்கே வராமல் போனால் டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்வார்? மற்ற கம்பெனிகளுக்கு அரசு காட்டிய வழியிலேயே டி.டி.கே. குடும்பமும் போனது. இறக்குமதி செய்து விற்பதை விட்டு, தயாரிப்பில் இறங்கியது.

பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்து 1950களின் கடைசியில் பிரஷர் குக்கர் செய்ய ஆரம்பித்தார்கள். உங்க வீட்டு அடுப்பில் மூணு விசில் அடிக்கிற குக்கருக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கு. டி.டி.கே.யின் பழைய பிராண்டுகளில் ஒன்றான லீவரும் சும்மா இருக்கவில்லை. 1956ல் தன் மூன்று இந்தியக் கிளைகளை ஒன்றாக்கி ஹிந்துஸ்தான் லீவர் ஆனது. 10 சதவீதப் பங்கை இந்தியர்களுக்கு விற்றது.

ஆனால் அமைச்சரின் குடும்பமும் வியாபாரத்தில் இருக்கும்போது கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

நிதியமைச்சர் நாற்காலி, காலியான கஜானா

1956 ஆகஸ்டில் டி.டி.கே. நிதியமைச்சரானார். நேரம்தான் சரியில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று மூன்று எஃகு ஆலைகள் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டிருந்தன. எஃகுத் துறையையும் அவர் கொஞ்ச காலம் கவனித்தார். எல்லா மெஷினும் வெளிநாட்டிலிருந்து வரணும். 1957ல் அந்நியச் செலாவணி கையிருப்பு வேகமாகக் கரைய ஆரம்பித்தது.

1957 பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் கொண்டு வந்தார். பணக்காரர்களிடமிருந்து எடுக்கும் வழி அது. சொத்து வரி 2015 வரை உயிரோடு இருந்தது. ஆனால் உள்நாட்டு வரி ரூபாயைத்தான் தரும், டாலரைத் தராது. மெஷின் வாங்க டாலர் வேணும்.

1957 இலையுதிர் காலத்தில் அமெரிக்கா, ஐரோப்பா என்று கிளம்பினார். கடன் கேட்டார், முதலீடும் கேட்டார். அதே வருஷம் அமெரிக்காவோடு ஒரு முதலீட்டு உத்தரவாத ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கே ரூபாயில் சம்பாதிக்கும் அமெரிக்க கம்பெனி அதை டாலராக மாற்றி எடுத்துப் போக முடியாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயத்தைப் போக்குவதுதான் அதன் நோக்கம். மூன்று வருஷத்துக்கு முன் கண்டிஷன் போட்ட அதே மனிதர், இப்போது வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

இது முரண்பாடா? ஒரு வியாபாரியின் கண்ணில் பார்த்தால் அப்படித் தெரியாது. கையில் சரக்கு இருக்கும்போது பேரம் பேசலாம். கல்லா காலியாக இருக்கும்போது பேரத்துக்குக் குரல் இறங்கும். நாட்டுக்கும் அதே கணக்குதான். அவர் வெளியே கேட்டு வந்த உதவி, 1958 ஆகஸ்டில் உலக வங்கி கூட்டிய கடன் கொடுக்கும் நாடுகளின் கூட்டமைப்பாக உருவானது. ஆனால் அந்தக் கூட்டம் நடந்தபோது டி.டி.கே. அமைச்சராக இல்லை.

முந்த்ரா விவகாரம்: பதவி பறிபோன கதை

1956ல் ஆயுள் காப்பீட்டு கம்பெனிகளை அரசுடைமையாக்கி எல்.ஐ.சி. உருவானது. சாமானியர்களின் சேமிப்பு அங்கே இருந்தது. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. அன்றைக்கு அது பெரிய தொகை. கம்பெனிகள் நல்ல நிலையில் இல்லை. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவையும் முறையாகக் கேட்கவில்லை.

1957 டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸ் எம்.பி., நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணை நடந்தது. எல்லாமே மக்கள் முன்னிலையில். சில வாரங்களில் அறிக்கையும் வந்துவிட்டது.

டி.டி.கே. பணம் வாங்கினார் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, அதிகாரியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்று முடிவானது. 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார்.

இதற்கும் அந்நிய முதலீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். இருக்கு. எந்தக் கம்பெனிக்கு அனுமதி, எதற்குப் பணம், எதற்குச் சலுகை என்று ஒரு மேஜையில் முடிவாகும்போது, அந்த மேஜையைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். கதவு மூடியிருந்தால் சந்தேகம் வரும். துறை துறையாக, கம்பெனி கம்பெனியாகச் சலுகை தரும் முறையின் பலவீனம் அதுதான். அதற்கு முதல் பெரிய விலை கொடுத்தவர், அந்த முறையை நடத்தியவர்களில் ஒருத்தர்.

திரும்பி வந்தார், மறுபடி போனார்

1962ல் திருச்செந்தூரிலிருந்து மக்களவைக்கு வந்தார். நேரு மறுபடி அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 1963ல் காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி தேசாய் விலகியதும் நிதியமைச்சர் நாற்காலி திரும்பக் கிடைத்தது. 1964ல் யூனிட் டிரஸ்டும், தொழில்களுக்கு நீண்ட காலக் கடன் தரும் ஐ.டி.பி.ஐ.யும் அவர் காலத்தில்தான் தொடங்கின. வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பியிருக்காமல் உள்நாட்டுச் சேமிப்பைத் தொழிலுக்குத் திருப்பும் வழிகள் அவை.

வெளிநாட்டுக் கூட்டும் தொடர்ந்தது. 1965ல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவானது. மத்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. 1951ன் பெட்ரோல் ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஆலை முழுசும் அவர்களுடையது. 14 வருஷம் கழித்து பெரும்பங்கு நம்முடையது. இன்றைய சி.பி.சி.எல். இதுதான்.

உரத் துறையில் மட்டும் வேறு சண்டை. உணவுப் பஞ்சம் மிரட்டிய காலம். புது ரக விதை, உரம் என்று உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் வேகமாகப் போக நினைத்தார். அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது என்று டி.டி.கே. தயங்கினார். இரண்டு தமிழ்நாட்டு அமைச்சர்கள், இரண்டு விதமான கவலை. ஒருத்தருக்குத் தட்டில் சோறு, இன்னொருத்தருக்குக் கல்லாவில் டாலர்.

1965 டிசம்பர் 31 அன்று டி.டி.கே. இரண்டாவது முறையாக ராஜினாமா செய்தார். குடும்ப நிறுவனங்களை வைத்து அவர் மேல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் பார்க்கச் சொல்லலாம் என்பது பிரதமர் சாஸ்திரியின் யோசனை. தன் மேல் பிரதமருக்கே நம்பிக்கை இல்லை என்று அதை எடுத்துக்கொண்டு விலகினார். ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொன்ன வெளி அழுத்தத்தை எதிர்த்து வந்தவர் அவர். அவர் போய் ஆறு மாதத்தில், 1966 ஜூனில், டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது.

1974 மார்ச் 7 அன்று காலமானார். மியூசிக் அகாடமி அரங்கத்துக்கு அவர் பெயர்தான். அந்த அரங்கம் இருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான்.

அவர் வழியில் குறையே இல்லையா?

இருந்தது. நிறையவே இருந்தது.

வெளிப் போட்டியை நிறுத்தியதால் உள்ளே இருந்த சில கம்பெனிகளுக்குக் குஷி. பல வருஷங்களுக்கு அம்பாசிடரும் ஃபியட்டும்தான் கார். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தாத்தாக்கள் உங்க வீட்டிலேயே இருப்பார்கள். பாகம் இங்கே செய்யணும் என்று கண்டிஷன் போட்ட அரசு, தரமும் உலக அளவுக்கு வரணும், ஏற்றுமதி ஆகணும் என்று அதே கண்டிப்போடு கேட்கவில்லை. பாதுகாப்பு எப்போது முடியும் என்று தேதியும் போடவில்லை. அங்கேதான் கோட்டை விட்டது.

அதே கண்டிஷன், புது வேஷம்

1991க்குப் பிறகு கதவு பெரிசாகத் திறந்தது. 1954ல் போன ஃபோர்டு 1995ல் மஹிந்திராவோடு கூட்டாகத் திரும்பி வந்து மறைமலை நகரில் ஆலை கட்டியது. அடுத்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது.

1997ல் மத்திய அரசு கார் கம்பெனிகளிடம் ஒரு ஒப்பந்தம் கேட்டது. குறைந்தது 5 கோடி டாலர் முதலீடு, மூன்று வருஷத்தில் 50 சதவீதம், ஐந்து வருஷத்தில் 70 சதவீதம் உள்ளூர்ப் பாகம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1953ன் அதே யோசனைதான். ஆனால் இந்த முறை அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2001 கடைசியில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. உள்ளூர்ப் பாகம் வாங்கித்தான் ஆகணும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது.

அதனால் இப்போது அரசு கட்டாயத்தை விட்டுவிட்டு ஆசை காட்டுகிறது. 2024 மார்ச்சில் வந்த மின்சார கார் திட்டத்தைப் பாருங்கள். 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்து, மூன்று வருஷத்தில் 25 சதவீதம், ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் உள்நாட்டு மதிப்புக் கூட்டலைக் காட்டினால், குறிப்பிட்ட எண்ணிக்கை கார்களை 15 சதவீத வரியில் இறக்குமதி செய்துகொள்ளலாம். குச்சிக்குப் பதில் மிட்டாய். கேட்பது அதேதான்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கு. ஃபோர்டு 2022ல் மறைமலை நகரில் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அது பேரிடி. ஆனால் கார் செய்யத் தெரிந்த கைகளும், பாகம் செய்யும் சின்னச் சின்ன கம்பெனிகளும் நம்ம ஊரில் நின்றன. புல்லட் கதையில் நடந்ததும் இதுதான். கம்பெனி போகலாம், தொழில் தெரிந்த ஊர் போகாது.

மறுபடி செய்யாறுக்கு வருவோம்

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அந்நிய முதலீடு வெறும் பொருளாதாரப் பாடம் இல்லை. ஷூ ஆலையின் சம்பளம் பல வீடுகளின் நிலைமையை மாற்றியிருக்கு. அதே சமயம் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா பகுதி விவசாயிகள் 2023ல் போராடினார்கள். சிலர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஒரே மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு வேலை, இன்னொரு வீட்டுக்கு விளைநிலம். இரண்டுமே நிஜம்.

அடுத்த முறை இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று நம் சேனலிலேயே செய்தி வரும். அப்போது டி.டி.கே. மேஜையில் இருந்த கேள்விகளை நீங்களும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கம்பெனி இங்கே சேர்த்து முடுக்குமா, செய்யவும் போகிறதா? பக்கத்து ஊர்ச் சின்ன பட்டறைக்கு ஆர்டர் வருமா? சலுகை எத்தனை வருஷம்? அதோடு அவர் கேட்கத் தவறியதையும் சேர்த்துக்கொள்ளலாம்: சலுகை முடிகிற தேதி என்ன, அதை யார் வெளிப்படையாகக் கண்காணிப்பார்கள், நிலம் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

பதில் இருக்கும் கம்பெனி வந்தால் நல்லது. பதில் இல்லாமல் வந்தால், அது போகும்போது நம்ம கையில் காலிக் கொட்டகைதான் மிஞ்சும்.